செயற்கைக்கோளுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

பல்லடம்,
20.10.97

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே கோழிகளும் நானும் உன் அம்மாவும் சுகம். எந்த வரிசையில் எழுதியிருக்கிறேனோ அந்த வரிசையில் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் ‘நல்லாத்தான் இருக்கறேன்ப்பா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். நல்லா இருக்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் போனை வைக்க மாட்டார்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்லக் கூடாது, தந்தி. நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் வானத்தில் மின்சாரம் நின்று செத்துப்போனது என்று ஒரு வரி. நீ மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தவள், யாரும் உன்னைக் குறை சொல்லாவிட்டாலும் உன்னால்தான் போயிருக்குமோ என்று ஒரு வரி. மாதக் கடைசியில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், நீங்கள் சொன்ன ஈரோட்டு மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுங்கள் என்று மிச்சம்.

நான் தலைகீழாக நின்று கேட்டபோதெல்லாம் ஈரோட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றவள் நீ. இப்போது கேட்காமலே சரி என்கிறாய். உன் அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசினாள். நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. அவரைக்காய் கொஞ்சம் முற்றல், அதனால் இருக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மின்சாரம் நின்றதற்கெல்லாம் வேலையை விடுவதென்றால் பல்லடத்தில் ஒருத்தரும் வேலையில் இருக்க முடியாது. விசைத்தறிக்காரர்கள் மொத்தப் பேரும் காவி கட்டிக்கொண்டு காசிக்குப் போயிருக்க வேண்டும்.

இனி இங்கே நடக்கிற கூத்தைக் கேள். உன் செயற்கைக்கோள் மேலே போன அன்று உன் அம்மா என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியும். மாகாளியம்மனுக்குப் பொங்கல் வைத்து, தெருவுக்கே ஜிலேபி கொடுத்து, நம் வீட்டைப் பிள்ளை பிறந்த வீடு மாதிரி ஆக்கிவிட்டாள். வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை, தேங்காய் பழத்தோடு வந்தார்கள். நல்லதுக்கு வந்தவர்கள் கெட்டதுக்கு வராமல் இருக்கலாமா?

பேப்பரில் செய்தி வந்ததும் முதலில் வந்தவர் தீவனக் கடை சென்னகேசவன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தீவன விலை ஏறிவிட்டதாக்கும், சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு ‘நம்ம கையில என்னங்க இருக்குது’ என்றார். உன் அம்மா காபி கொண்டு வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுந்தார், துண்டைத் தோளில் போட்டார், இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சென்னகேசவன் நம்மோடு சண்டை போட்டுவிட்டுப் போனால்கூட ‘வாரனுங்க, போயிட்டு வாரனுங்க’ என்று கேட்டைத் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே போகிற மனுஷன். சொல்லிக்கொள்ளாமல் போவது எழவு வீட்டில் மட்டும்தான். அவர் உன் செயற்கைக்கோளுக்குத் துக்கம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

அதற்கப்புறம் வீடு கொள்ளவில்லை. ஆண்கள் வந்து தரையைப் பார்த்தார்கள். பெண்கள் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அவள் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். யாரோ முதுகைத் தடவிக் கொடுத்ததும் ‘அஞ்சு வருசம் எம்பொண்ணு நோம்பி நொடிக்குக்கூட ஊடு வராம அதையே கட்டிக்கிட்டுக் கெடந்தாளே’ என்று அவளும் ஓவென்று அழுதுவிட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். நம்மிடம் மாடு இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எனக்கு ஒரு வருத்தம். வெள்ளைக்கழிச்சல் வந்து நம் பண்ணையில் கோழி அத்தனையும் செத்தபோது என்னிடம் ஒருத்தரும் துக்கம் கேட்கவில்லை. உன் அத்தை கருப்பாத்தாள் மட்டும் வந்தாள். சாகாத கோழி ஏதாவது விலை குறைத்துக் கிடைக்குமா என்று கேட்க வந்தாள்.

அந்த அத்தைதான் இப்போது பெட்டியோடு வந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலைமை தாங்குகிறாள். என் அக்காவாகப் பிறந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தீட்டு என்றைக்குக் கழியும் என்பது அவளுடைய கேள்வி. அவ்வளவு உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோள் செத்தாலும் கீழே விழாது, எரியாது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்று நீ எப்போதோ சொன்னதை நான் வாய் தவறிச் சொல்லித் தொலைத்துவிட்டேன். எத்தனை காலத்துக்கு என்றாள். ஆயிரம் ஆயிரம் வருஷம் என்றேன். ‘பொணம் எடுக்காத ஊட்டுல எப்படிடா தீவாளி நோம்பி கும்புடுவ’ என்று கேட்டுவிட்டு, இந்த வருஷம் பலகாரம் கிடையாது, எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

இன்னொரு சங்கடம். அது செத்ததும் கேபிளில் பாதி சேனல் போய்விட்டது. கேபிள் டி.வி. நடத்தும் ரசாக் தினமும் வந்து நிற்கிறான். அந்தச் சேனல்களை வேறு ஒரு செயற்கைக்கோளுக்கு மாற்றிவிட்டார்களாம். சென்னகேசவன் கடை மாடியில் இருக்கும் அவனுடைய பெரிய டிஷ்ஷை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னான். மத்தியானத் தொடர் நின்றுபோனதால் பெண்கள் அவனைத் தெருவில் நடக்க விடுவதில்லை. வேலையை விடப் போகிறவளுக்கு இதெல்லாம் தொந்தரவுதான். இருந்தாலும் ஒரு கார்டு போடு.

நீ வருவதைப் பற்றி. உன் அறையில் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறேன். ஐப்பசி மழை, வேறு இடமில்லை. அதனால் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதே. மாதக் கடைசி என்றால் அடுத்த மாதக் கடைசி என்று வைத்துக்கொள்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா பொங்கியண்ணன்

*

பல்லடம்,
3.11.97

அன்பு அம்மணிக்கு,

உன் பதில் கிடைத்தது. நவம்பர் கடைசி வரை பொறுத்துக்கொள்கிறேன், அதற்குமேல் மாற்றம் இல்லை என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாய். ரசாக்குக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், படம் வேறு. பெற்றவனுக்கு ஒரு வரி, கேபிள்காரனுக்கு நாலு பக்கம். சரி, இருக்கட்டும்.

டிஷ் இதுவரை உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நீ எழுதியபடி அதைக் கிழக்கே சாய்த்தார்கள். ரசாக் மாடியில், நான் கீழே டி.வி. முன்னால், நடுவில் படிக்கட்டில் சென்னகேசவன். நான் ‘வரலை’ என்றால் அவர் ‘வரலைங்கறாருங்க’ என்று மேலே சொல்ல வேண்டும். இப்படியே அரை நாள் போனது. திடீரென்று திரையில் மாமியார் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெருவே கை தட்டியது. ரசாக் உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதை நான் திருப்பிக் கேட்டபோது தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

தருவதற்கு முன்னால் நான் ஒருமுறை படித்துவிட்டேன். பூமி சுற்றுகிற வேகத்திலேயே செயற்கைக்கோளும் சுற்றுவதால்தான் நமக்கு நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் உன் அம்மாவும் இத்தனை வருஷமாக அப்படித்தான் இருக்கிறோம். ஓட்டம் நின்றபாடில்லை, பார்க்கிறவர்களுக்கு நின்ற இடத்தில் நிற்கிறோம்.

அந்த நாலு பக்கத்தில் ஓர் இடத்தில் ‘ரசாக் அண்ணா, கம்பியைத் தலைகீழாக மாட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள், உங்கள் கை எனக்குத் தெரியும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். அதைப் படித்ததும் நீயே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. எனக்கு எழுதியிருந்த ஒரு வரியையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் நீ இல்லை. வேறு யாரோ உன் பேனாவைக் கடன் வாங்கி எழுதிய மாதிரி இருக்கிறது.

தீபாவளி நல்லபடியாகப் போனது. ரொம்ப நல்லபடியாகவே போனது என்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆனால் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்து அனுப்புவது முறை அல்லவா? வந்தது பார், தூக்குப்போசி தூக்குப்போசியாக! அதிரசம், கச்சாயம், மைசூர்பாகு, தெருவில் எத்தனை வீடோ அத்தனை விதமான முறுக்கு. எந்த வருஷமும் இவ்வளவு சாப்பிட்டதில்லை. ஒரே கஷ்டம், அழுத முகத்தோடு சாப்பிட வேண்டும், கடிக்கிற சத்தம் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. முறுக்கை டம்ளர் காபியில் ஊற வைத்துச் சமாளித்தேன். உன் பங்கு டப்பாவில் இருக்கிறது என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். நீ வரவில்லையே என்று அவள் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை. இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

சென்னகேசவனுக்கு ஒரு பெரிய சந்தேகம். அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அமெரிக்காக்காரர்கள் போன மாதம் சனி கிரகத்துக்கு ஏதோ இயந்திரம் அனுப்பியிருக்கிறார்களாம், பேப்பரில் பார்த்தார். அது போய்ச் சனியைச் சீண்டினால் அவருக்கு நல்லதா கெட்டதா என்று கேட்கிறார். போய்ச் சேரவே ஏழு வருஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது. ‘அதுக்குள்ள எனக்கு முடிஞ்சே போயிருமுங்களே, கொஞ்சம் வெரசாப் போவச் சொல்லி உங்க பொண்ணு மூலமாச் சொல்ல முடியாதுங்களா’ என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லாமல் கேட்கிறார். பாவம், விவரமாக ஒரு பதில் போடு.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி குமாரசாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். பையனின் அப்பா அவர்தான். இரண்டு வாரத்தில் நேரில் வந்து பேசிமுடித்துவிடலாம் என்கிறார்கள். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்பது. வரச் சொல்லிவிட்டேன். நீதானே சரி என்று எழுதினாய். நான் எழுதவில்லையே.

உன் அறையில் மூட்டைகள் குறைந்தபாடில்லை. கட்டிலில் அத்தை படுத்திருக்கிறாள். தீட்டுக் கழியாமல் போக மாட்டாளாம். ஆகவே ஹாஸ்டலிலேயே சௌகரியமாக இரு.

அன்புள்ள அப்பா

*

பல்லடம்,
17.11.97

கண்ணு கோகிலாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பன் ஒரு காரியம் செய்துபோட்டான்.

முதலில் சனியைப் பற்றி. எட்டுப் பக்கம் எழுதியிருந்தாய். வளையம் முழுக்கப் பனிக்கட்டியும் கல்லுமா? சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்குமா? சென்னகேசவனுக்கு இந்த மிதக்கிற விஷயத்தில் பெரிய நிம்மதி. அவ்வளவு லேசானது தன்னை ஒன்றும் அழுத்திவிடாது என்று முடிவு செய்துவிட்டார். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, தீவனம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். படித்து முடிக்காமல் மூட்டை எடுத்துப் போட மாட்டேன் என்கிறாராம்.

எட்டாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் எனக்கும் ஒரு செய்தி வைத்திருந்தாய். அடுத்த செயற்கைக்கோள் செய்கிறவர்களோடு வந்து உட்காரச் சொல்லி உன் பெரிய அதிகாரி கேட்டார், நீ இன்னும் பதில் சொல்லவில்லை, ராஜினாமாவைத்தான் எழுதி மேஜையில் வைத்திருக்கிறாய் என்று. அந்த மூலையைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் கடிதத்தைச் சென்னகேசவனிடம் கொடுத்தேன். செத்ததன் மின்சாரத்தைப் பார்த்தவள் என்பதால்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே தெரிகிறதே, உனக்கு ஏன் தெரியவில்லை?

நேற்று குமாரசாமி வந்தார். மனைவி, தம்பி, ஒரு தட்டு நிறைய மாதுளம்பழம். நல்ல மனுஷர்தான், தப்பாக எழுத மாட்டேன். அந்த நேரத்தில் வீட்டில் உன் அத்தை, சென்னகேசவன், டி.வி.யைச் சரிபார்க்க வந்த ரசாக் எல்லாரும் இருந்தார்கள். குமாரசாமி காபி குடித்தார். பல்லடத்து மழையைப் பற்றிப் பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘போனது போகட்டுமுங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு. அது ஒழுங்கா ஓடியிருந்தா பொண்ணு ஊட்டுக்கு வந்திருக்குமுங்களா?’ என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. உன் அத்தை மடியில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். ‘ஏனுங்க, எழவு உழுந்த ஊட்டுல ஒக்காந்துக்கிட்டு நல்லதாப் போச்சுன்னு சொல்லுவீங்களா? எம்பட தம்பி மவ அஞ்சு வருசம் கண்ணு முழிச்சு வளத்ததுங்க அது’ என்று கேட்டாள். இத்தனை நாள் பலகாரத்துக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன் அம்மணி. அவள் நிஜமாகவே துக்கம் அனுசரித்திருக்கிறாள்.

குமாரசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள், சென்னகேசவன் சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, ‘பொண்ணு எழுத்த ஒரு தடவ கேளுங்க, அப்பறம் பேசுங்க’ என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர்கள் சனியின் வளையத்தில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் பக்கத்தில் குமாரசாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் அவருடைய தம்பி தூங்கிவிட்டார். உன் அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். ஒன்றும் புரிந்திருக்காது அவளுக்கு. கண்ணைத் துடைக்கவும் இல்லை, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

படித்து முடிந்ததும் குமாரசாமி, ‘கெட்டிக்காரப் பொண்ணுதானுங்க, நான் இல்லைங்கலை. எப்ப வேலைய உட்டுட்டு வருது, அதச் சொல்லுங்க’ என்று கேட்டார்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ‘அவ வரமாட்டாளுங்க. அடுத்தத ஆரம்பிச்சுட்டாங்க. எம்பொண்ணைத்தான் மின்சாரத்துக்குப் பொறுப்பாப் போட்டிருக்கறாங்க. அவ சரின்னு சொல்லாம ஒரு ஆணி முடுக்க மாட்டாங்க’ என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். உன் ராஜினாமா விஷயம் அவளுக்குத் தெரியும். காட்டிக் கொடுப்பாள் என்று பயந்தேன். அவளோ, ‘ஆமாங்க, போன வாரமே சேந்துட்டா’ என்று எனக்குமேல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். மாதுளம்பழத்தை எடுத்துப் போகவில்லை. உன் அத்தையும் தீட்டுக் கழிந்தது என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டிவிட்டாள். அடுத்தது உருவாகிவிட்டால் போனதற்குத் துக்கம் நீட்டக் கூடாதாம், பிறக்கப் போவதற்கு ஆகாதாம். இன்று காலை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரசாக்கும் அங்கே இருந்தான் என்று எழுதினேன் அல்லவா? நேற்று சாயங்காலம் அவனுடைய கேபிளில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கும் நடுவில், ‘அடுத்த செயற்கைக்கோளின் மின்சாரப் பொறுப்பை ஏற்ற பல்லடம் பொ. கோகிலவாணிக்கு வாழ்த்துகள்’ என்று ரோஜாப்பூப் படத்தோடு போட்டுவிட்டான். மணிக்கு நாலு தடவை ஓடுகிறது. ஊரே பார்த்துவிட்டது. பால்காரர் கை கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணு, உன்னை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ரொம்ப ஆசை. நாளைக்கே வா, பத்து நாள் லீவு போட்டு வா, எங்களோடு இருந்துவிட்டுப் போ. உன் அறை ஒழிந்துதான் கிடக்கிறது, மூட்டை ஒன்றுகூட அங்கே இல்லை, நான் வைக்கவே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உன்னால்தான் போனது என்று நினைத்துக்கொண்டு வராதே. அப்படி வருகிற உன்னை வாசலில் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாகாளி உன் பக்கத்தில் இருப்பாள். அடுத்ததற்கு நூறு ஆயுசு. அது பூமியைச் சுற்றிக்கொண்டு இருக்கிற காலமெல்லாம் நீயும் நல்லா இருப்பாய். இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அந்த அதிகாரியிடம் போய்ச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் அம்மாவும் நானும் இந்த வயசில் ஊர் முன்னால் ஜோடியாகப் பொய் சொல்லியிருக்கிறோம். எங்களைக் காப்பாற்ற உன்னைவிட்டால் ஆள் இல்லை, அம்மணி.

இப்படிக்கு,
உன்னை நம்பிப் பொய் சொன்ன
அப்பா